குற்றாலத்துக்குப் பதில் கடியப்பட்டணம்

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தின் கடைசி மணி அடித்த கையோடு நாங்கள் மூன்று வாத்தியார்கள் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினோம். நாலே முக்கால் மணிக் குளச்சல் பஸ்ஸை விட்டால் இருட்டுவதற்குள் மணவாளக்குறிச்சி போய்ச் சேர முடியாது. எதிரே வந்த மாணவர்கள் இரண்டு பேர் கைகூப்பி வணங்கினார்கள். என் ஒரு கையில் மட்டி வாழைப்பழக் குலை, மறு கையில் துணிப்பை. தலையை ஆட்டிவிட்டு ஓடினேன்.

மூவரும் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சிவதாணு, தாழக்குடிக்காரன், தமிழ் வாத்தியார். சாலமோன் மார்த்தாண்டம் பக்கத்துச் சபை உபதேசியாரின் மகன், இங்கிலீஷ் வாத்தியார். ஒரு தேன் குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தான். சூசை கணக்கு வாத்தியார். அவனுக்கு ஊர் கடியப்பட்டணம். கையில் ஒன்றுமில்லாமல் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். சொந்த வீட்டுக்குப் போகிறவனுக்கு மூட்டை எதற்கு? வடசேரியில் ஒரே மாடியறையில் மூன்று வருஷமாகச் சேர்ந்து இருக்கிறோம்.

சனி, ஞாயிறுக்கு எங்கேயாவது போய் வருவது என்று திங்கட்கிழமையே முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் வியாழக்கிழமை வரை முடிவாகவில்லை. நான் குற்றாலம் என்றேன்.

"மாசியில குத்தாலத்துல என்ன உண்டு? பாறை காயும். வேணும்னா வேட்டியைத் துவைச்சுக் கொண்டு போய் அதுல உணக்கலாம்," என்றான் சாலமோன். அவனுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். மிருகக்காட்சி சாலையில் புலி, அப்புறம் ஒரு சினிமா.

"புலியைப் பாக்க நாப்பது மைல் போகணுமா வே? நம்ம ஹெட்மாஸ்டர் போதாதா?" என்றேன் நான்.

கன்னியாகுமரிப் பேச்சே எழவில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை எல்லாம் அங்கே கூட்டிப் போய்க் கூட்டிப் போய் மூவருக்கும் அலுத்திருந்தது. திற்பரப்பு அருவி என்றேன். அருவிக்குப் பக்கத்தில் சாலமோனின் அத்தை வீடு இருக்கிறது. "அங்க போனா ரெண்டு நாளும் ஜெபமாக்கும்," என்று அவனே அதை வெட்டிவிட்டான்.

மூலையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த சூசை, தலை தூக்காமல் கேட்டான். "எங்க ஊருக்கு வாரியளா?"

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் சாலமோன் வீட்டுக்குப் போயிருக்கிறோம். சூசையின் வீட்டுக்கு நாங்கள் போனதில்லை. என் வீட்டுக்கு அவர்கள் வந்ததில்லை. ஏன் என்று மூவருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பேசியதில்லை. எங்கள் தெரு மீன் தொடாதவர்களின் தெரு; மீன்காரிகூட அங்கே கூவிக்கொண்டு வராமல் அடுத்த தெருவழியாகச் சுற்றித்தான் போவாள்.

"மீனு உண்டா?" என்றான் சாலமோன்.

"கடல்ல பின்னே ஓணானா இருக்கும்?" என்ற சூசை என்னைப் பார்த்தான். "உனக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்யதுன்னுதான்..."

"அது கிடக்கட்டும். கடலுக்குள்ள கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டேன். இருபத்தாறு வயசு வரை கரையில் நின்று கால் நனைத்ததைத் தவிர எனக்கும் கடலுக்கும் ஒரு பழக்கமும் இல்லை.

"மரம் அண்ணனுக்குள்ளது. அவன் சம்மதிக்கணும். அவன் ஒரு மாதிரி," என்றான் சூசை. கடற்கரையில் மரம் என்றால் கட்டுமரம். சூசையின் அண்ணன் அந்தோணி. தம்பி கடலை விட்டுவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனது அவருக்கு இன்னும் ஆறவில்லையாம்.

இப்படியாகக் குற்றாலம் போய்க் கடியப்பட்டணம் வந்தது.

பஸ்ஸில் ஆளுக்கு ஆறணா. பன்னிரண்டு மைல். ஆசாரிபள்ளம், வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை என்று நின்று நின்று போயிற்று. பாதிப் பேர் சந்தையில் மீன் விற்றுத் திரும்பும் பெண்கள். கடவம் என்கிற வெறும் ஓலைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மடியில் வைத்திருந்தார்கள். என் பக்கத்து இருக்கைக்காரிக்கு என் பழக்குலைமேல் கண்.

"எந்த வீட்டுக்குப் பிள்ளே இந்தக் குலை?"

சூசை திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "நம்ம வீட்டுக்குத்தான், பிலோமினா அக்கா. எங்கூடப் படிப்பிக்கிய சாருமாரு."

அந்த அம்மாள் என் நெற்றித் திருநீற்றை ஒருமுறை பார்த்தாள். பிறகு சூசையைப் பார்த்தாள். "கொள்ளாம், நல்ல காரியம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கடவத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் வேட்டியில் மீன்நாற்றம் படக் கூடாதென்று இழுத்தாள் என்பது எனக்கு இறங்கும்போதுதான் புரிந்தது.

மணவாளக்குறிச்சியில் இறங்கியபோது ஆறு மணிக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து கடலோரமாக இரண்டு மைல் நடை. மணலை மிதித்ததுமே சாலமோன் குனிந்து ஒரு பிடி அள்ளினான். கறுப்பு மணல்! அரைத்த கரி மாதிரி கறுப்பு. ஆனால் சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு துகளும் மினுங்குகிறது. சின்னவிளை தாண்டியதும் வள்ளியாறு கடலில் விழும் பொழி. அந்தப் பருவத்தில் முழங்காலளவு தண்ணீர்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். ஒரு பக்கம் ஆற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது, மறு பக்கம் கடல் தண்ணீர் சில்லென்று ஏறுகிறது. நடுவில் நின்றால் இரண்டும் காலைச் சுற்றிக்கொள்கின்றன. நானும் சாலமோனும் கரையேற மனமில்லாமல் நின்றோம். அப்போதுதான் முட்டத்துப் பாறைமேல் கலங்கரை விளக்கு எரியத் தொடங்கியது. அதன் வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலே போய்க் கடலைத் தொட்டது. சாலமோன் காரணமில்லாமல் "ஓய்!" என்று கத்தினான். நானும் கத்தினேன்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைய பாத்தா சிரிக்கும்," என்றான் சூசை. ஆனால் அவன் முகமும் மலர்ந்துதான் இருந்தது.

சூசையின் வீடு கத்தோலிக்கக் கோயிலுக்குக் கீழே, மணலிலேயே கட்டிய ஓலைக்கூரை வீடு. எங்கள் குரல் கேட்டதும் சூசையின் அம்மை வெளியே வந்தார்கள். கையில் ஈரம், துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பழக்குலையையும் தேன் குப்பியையும் வாங்கிக்கொண்டு முதலில் சொன்ன வார்த்தை: "புதுச் சட்டியாக்கும் பிள்ளே. புது அகப்பை. மீனு தொடாத சட்டி. வெள்ளமும் புதுக் குடத்துலதான் கோரி வச்சிருக்கேன்."

அடுப்பு ஓரத்தில் நாலு சட்டிகள், சூளையின் சிவப்பு மாறாமல் இருந்தன. வியாழக்கிழமை ராத்திரி முடிவான காரியத்துக்கு, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போன ஒருவர் மூலம் சூசை சொல்லியனுப்பியிருக்கிறான்; அம்மை மணவாளக்குறிச்சிச் சந்தை வரை நடந்து போய் வாங்கி வந்திருக்கிறார்கள்.

"இதுக்கெல்லாம் என்னத்துக்கு அம்மை கஷ்டப்பட்டிய?" என்றேன்.

"கஷ்டமா? இத்தனை நாளும் நீங்க வரமாட்டியன்னுல்லா இவன் சொல்லுவான்."

சோறும் பருப்பும் புளிக்கறியும் எனக்கு. சாலமோனுக்கு வாளைமீன் குழம்பு. அவன் மூன்றாம் முறை சோறு வாங்கும்போது அந்தோணி வந்தார். உயரமான ஆள், உப்புக் காற்றில் கறுத்த தோள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். எங்களைக் கடலுக்குக் கூட்டிப் போகும் பேச்சைச் சூசை மெதுவாக எடுத்தான்.

"கடலு சந்தை இல்லே, பாத்துட்டு வாரதுக்கு," என்றார் அந்தோணி. "காலையில கரமடி வளைக்கியாங்க. கயிறு பிடிச்சு இழுக்கட்டும். பொறவு பாப்போம்." சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை விடிந்தபோது நாங்கள் கரையில் நின்றோம். கரமடி என்பது கரையிலிருந்து இழுக்கிற பெரிய வலை. கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய், கடலில் வட்டமாக விட்டு, மறு நுனியைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு இரண்டு நுனியிலும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். நாங்கள் மூவரும் கிழக்குக் கயிற்றில். சட்டையைக் கழற்றி மணலில் போட்டோம். சூசையும் போட்டான். அவன் கயிற்றைப் பிடித்த விதத்திலேயே முன்னால் நின்ற கிழவர் திரும்பி, "எடே, கை மறக்கலியே!" என்றார்.

பின்பக்கமாக அடி வைத்து, உடம்பைச் சாய்த்து, எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். கடைசியில் நிற்பவன் மேட்டை எட்டியதும் கயிற்றை விட்டுவிட்டு, ஓடிப் போய்த் தண்ணீரோரத்தில் முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். தும்புக் கயிறு உப்பில் ஊறி முள்ளாக இருந்தது. கால்மணி நேரத்தில் என் உள்ளங்கை எரிந்தது. ஒரு மணி நேரத்தில் தோல் உரிந்தது. சாலமோன் இங்கிலீஷில் எதையோ முனகிக்கொண்டே இழுத்தான். விடவா என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், பக்கத்தில் எழுபது வயசுக்காரர் விடாமல் இழுப்பார், எப்படி விட?

வெயில் ஏறி வந்தபோது இரண்டு கூட்டத்தாரும் நெருங்கி வந்துவிட்டோம். மேலே பருந்துகள் சுற்ற ஆரம்பித்தன. கிழவர் கத்தினார்: "கோளுலே! கோளு!" கோளு என்றால் நல்ல மீன்பாடு. அதைக் கேட்டதும் எங்கிருந்தோ ஆட்கள் ஓடி வந்து கயிற்றைப் பற்றினார்கள். சத்தம், கூச்சல், அலை. கடைசியில் வலையின் மடி கரையோரத் தண்ணீரில் புரண்டது. அதற்குள் கொதிக்கிற வெள்ளி! நெத்திலியும் சாளையும் குவியல் குவியலாகத் துள்ளின. அந்தச் சத்தம் ஓட்டுக்கூரையில் மழை கொட்டுவது போல இருந்தது. பிறந்தது முதல் மீனைத் தொடாத நான், இடுப்பளவு தண்ணீரில் வலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவன் முதுகைத் தட்டி ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தேன்.

ஏலம் முடிந்ததும் கயிறு பிடித்தவர்களுக்குப் பங்கு போட்டார்கள். எனக்கும் ஒரு கூறு விழுந்தது. வேண்டாம் என்றேன்.

"அது எப்படி? கை கொடுத்தவனுக்குப் பங்கு உண்டும். வேண்டான்னு சொல்லப்பிடாது," என்றார் கிழவர். மணலில் என் பங்கு மினுமினுத்துக் கிடக்கிறது. நான் அதன் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கிறேன். சாலமோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

பஸ்ஸில் வந்த பிலோமினா அக்காதான் காப்பாற்றினாள். "பிள்ளே, உம்ம பங்கை நான் எடுத்துக்கிடுதேன். முந்தாநாளு மீனுக்குப் பதிலு மரச்சீனி கொண்டு வந்தேன், வீட்டுல கிடக்கு. அது ஆவுமா?" என்றாள். மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, அரைக் கடவம் வந்தது. அன்று மத்தியானம் அம்மை அதைப் புதுச் சட்டியில் அவித்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் அரைத்து வைத்தார்கள். உரிந்த கையால் பிட்டுத் தின்றேன். வாத்தியார் உத்தியோகத்தில் முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட இவ்வளவு கர்வத்தோடு சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்தோணி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் தேங்காயெண்ணெய் எடுத்துத் தேய்த்துவிட்டார். பிறகு கேட்டார்: "நீந்தத் தெரியுமா வாத்தியாரே?"

"குளத்துல நீந்துவேன்."

"குளம் அங்கேயே நிக்கும். இது நிக்காது. சரி, வாரும்."

சாலமோன் வரமாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தோணி முன்னால், சூசை பின்னால், நான் நடுவில் மண்டியிட்டு, மரத்தைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி. சூசை துடுப்புப் போட்டு ஆறு வருஷமாகிறது என்றான். அந்தோணி திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் அலையில் மரம் மூக்கைத் தூக்கியது. இரண்டாவது என் தலைக்கு மேலே உடைந்தது. கண்ணில், மூக்கில், வாயில் உப்பு. மூன்றாவது வந்தபோது மரம் நெட்டுக்குத்தாக நின்றதுபோல இருந்தது. என் கை நழுவியது. எதையும் பிடிக்காமல் காற்றில் கிடந்த அந்த நொடியில் எனக்கு அம்மா முகம் மட்டும் வந்தது. அடுத்த நொடி யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்து மரத்தின்மேல் அழுத்தினார்கள். சூசை. ஒரு கையில் நான், மறு கையில் துடுப்பு.

"துடுப்பை விடாதே!" என்று அண்ணன் கத்த, "விடலை!" என்று தம்பி கத்த, மரம் தடாலென்று அந்தப் பக்கம் இறங்கியது. அவ்வளவுதான். அலை பின்னால் போய்விட்டது. முன்னால் கடல் நீளமாக, அமைதியாகத் தூங்குகிற யானை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

அந்தோணி திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தார். "கொள்ளாம்," என்றார். சூசையின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் மூன்று வருஷத்தில் கண்டதில்லை.

ஒரு மைல் போயிருப்போம். "இனி கரையைப் பாரும்," என்றார் அந்தோணி. திரும்பினேன். தென்னைமரங்கள் பச்சைக் கோடாகிவிட்டன. கோயில் கோபுரம் விரல் அளவு. அதற்குப் பின்னால், அடுக்கடுக்காக மலைகள். வேளிமலை தெரிந்தது. கிழக்கே ஒரு மலை, படுத்துக்கிடக்கிற பெண்ணைப் போல.

"அந்த மலை எங்க ஊரு மலை!" என்று கத்தினேன். "தாடகை மலை! அதுக்குக் கீழதான் எங்க வயலு!"

"அப்படியா?" அந்தோணி துடுப்பை நிறுத்திவிட்டார். "எங்கப்பன் காலம் முதல் அதைப் பாத்துத்தான் இடம் பிடிப்போம். அந்த மலையும் இந்தக் கோபுரமும் ஒரே நேரா வந்தா அடியில பாறை உண்டும். பாறையில மீனு கிடக்கும்." சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதுக்குக் கீழ ஆளு இருக்கா? நான் வெறும் மலைன்னுல்லா நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்து, பூசை முடிந்து, ஊரே வெள்ளை வேட்டியில் திரும்பி வந்தது. மத்தியானத்துக்குமேல் புறப்பட்டோம். சாலமோனுக்கு அம்மை கருவாடு கட்டிக் கொடுத்தார்கள். என் கையில் என்ன கொடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரண்டு தேங்காய்களை எடுத்துப் பையில் போட்டார்கள். பொழி வரை வழியனுப்ப வந்த அந்தோணி, தண்ணீரில் இறங்கும் முன் கேட்டார்.

"உம்ம ஊருக்கு எந்த பஸ்ஸு?"

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. என் ஊரைப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் வாய் தானாகச் சொல்லியது: "வடசேரியில இறங்கி, தாழக்குடி பஸ் பிடிக்கணும். நாலு மைல்தான். அடுத்த சனிக்கிழமை எங்க வயல்ல அறுப்பு. அம்மையையும் கூட்டிட்டு வாருங்க. நான் பஸ் நிக்கிற இடத்துல நிப்பேன்."

சூசை என்னை உற்றுப் பார்த்தான். பஸ்ஸில் ஏறியதும் சாலமோன் கேட்டான்: "வீட்டுல என்ன சொல்லப் போறே?"

"தெரியாது. எந்த பஸ்ஸுன்னு சொல்லியாச்சு," என்றேன். வருகிறபோது இருந்த பரபரப்பைவிடத் திரும்புகிறபோது இருந்த பரபரப்புதான் எனக்கு அதிகம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் தாழக்குடிக்குப் போய்ச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அம்மா வெகுநேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த அம்மை உனக்குப் புதுச் சட்டி வாங்கினாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள்: அம்மை, அந்தோணி, சூசை, கூடவே சாலமோன். அந்தோணி சட்டை போட்டிருந்தார். கழுத்துப் பித்தான் வரை மாட்டியிருந்தார். இலை போட்டது வீட்டுக்குள் அல்ல, முற்றத்துப் பந்தலில். அறுப்புக்காரர்கள் எல்லோருக்கும் அங்கேதான் என்றாள் அம்மா. எனக்கு அது உறுத்தத்தான் செய்தது. அந்தோணிக்குப் பக்கத்து இலையில் நான் உட்கார்ந்தேன். அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே வாளியிலிருந்து சாம்பார் ஊற்றிக்கொண்டு போனாள்.

அப்பா வயலைவிட்டு வரவே இல்லை. பந்தி முடியும் தறுவாயில்தான் காலில் சேறோடு வந்தார். அந்தோணி எழுந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏன் வே, கடலுக்குள்ளயும் மழை பெய்யுமா?"

"பெய்யுமே. கரையில பெய்யதைவிடக் கூடுதலா பெய்யும்."

"அட, வீணா!" என்றார் அப்பா, உண்மையான வருத்தத்தோடு. "அம்புட்டும் வீணா?"

"வீணில்லே. மழை விழுந்தாத்தான் மீனு மேல வரும்," என்றார் அந்தோணி.

அப்பா பந்தல்காலில் சாய்ந்து உட்கார்ந்தார். "எந்த மழைக்கு எந்த மீனு? சொல்லும்," என்றார். அந்தோணியும் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. ஐந்து மணி பஸ் போயிற்று. ஆறு மணி பஸ்ஸும் போயிற்று. அவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை.